சின்னப் பெட்டிக்குள் பேஸ் நுழைந்த கதை

கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் வாங்கப் போறவங்க எல்லாரும் மூணு நிபந்தனை வெச்சிருப்பாங்க. பெட்டி சின்னதா மேசை மேல அடங்கணும். காலடியில் தனியா ஒரு வூஃபர் பெட்டி கிடக்கக் கூடாது, பேஸ் உள்ளேயே இருக்கணும். சத்தமும் நல்லா வரணும். கேக்குறதுக்கு நியாயமான ஆசைதான். ஆனா இந்த மூணும் ஒண்ணா சேராதுன்னு அறுபது வருஷத்துக்கு முன்னாலேயே ஒருத்தர் கணக்குப் போட்டு வெச்சுட்டார்.

அவர் பெயர் ஹாஃப்மன். அமெரிக்காவில் 1957-ல் தொடங்கிய கே.எல்.ஹெச். என்ற ஸ்பீக்கர் கம்பெனியில் அந்த 'ஹெச்' இவர்தான். அவர் சொன்ன கணக்கை 'ஹாஃப்மனின் இரும்பு விதி' என்பார்கள். ஆழமான பேஸ், சின்னப் பெட்டி, குறைஞ்ச கரண்டில் பெரிய சத்தம். இந்த மூணில் ரெண்டைத்தான் எடுத்துக்கலாம், மூணாவதை விட்டுத்தான் ஆகணும்.

கிணத்து மோட்டார் ஓட்டுறவனுக்கு இது சட்டுன்னு பிடிபடும். அஞ்சு ஹெச்பி மோட்டாரில் மேலாப்புல இருந்து எடுத்தா தண்ணி நிறைய வரும், ஆழத்துல இருந்து எடுத்தா கொஞ்சமா வரும். ஆழமும் வேணும், தண்ணியும் நிறைய வேணும்னா பெரிய மோட்டாருக்குப் போகணும். கரண்டும் கூடத்தான் ஆகும்.

ஸ்பீக்கர் இறைப்பது காற்றை. தொனி தணியத் தணிய அதிகக் காற்றைத் தள்ள வேண்டியிருக்கும். 100 ஹெர்ட்ஸில் வரும் அதே சத்தம் 50 ஹெர்ட்ஸிலும் வரணும்னா, ஸ்பீக்கரின் சவ்வு நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஆடணும். 12 அங்குல ஸ்பீக்கரின் பரப்பு, மேசை ஸ்பீக்கரில் இருக்கும் 2 அங்குலத்தைவிட 36 மடங்கு. பெரியவர் அசைந்தாலே போதும், சின்னவர் குதிக்கணும்.

இந்த விதியோட மனுஷன் போட்ட பேரம்தான் ஒலிபெருக்கியின் வரலாறு. எங்க ஊர் வழியாகவும் அது வந்து போயிருக்கு.

முதல் பேரம் குழாய். பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்ற ரெண்டு பேர் கலிபோர்னியாவில் காந்தத்துக்கு நடுவே கம்பிச்சுருளை ஆடவிட்டு, அதன் மேல் கிராமபோன் குழாயைப் பொருத்தினாங்க. 1915-ல் சான்பிரான்சிஸ்கோ நகர மண்டபத்துக்கு முன்னால கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கூடிய கூட்டத்துக்கு அதைப் போட்டுக் காட்டினாங்க. அதுக்கு வைத்த பெயர் மேக்னவாக்ஸ். லத்தீனில் பெருங்குரல் என்று பொருள்.

நம்ம மைக் செட்டுக்காரர் தென்னை மரத்துல கட்டுற குழாயும் அந்த வம்சம்தான். உள்ளே இருக்கும் சவ்வு உள்ளங்கையில் அடங்கிடும். குழாய் அதன் அசைவைக் காற்றுக்குப் பதமா கைமாற்றிக் கொடுப்பதால், சாதாரணப் பெட்டி ஸ்பீக்கரைவிடப் பல மடங்கு சிக்கனமா சத்தம் வரும். பெட்டி ஸ்பீக்கரில் நாம கொடுக்கிற கரண்டில் நூத்துக்கு ஒரு பங்கு அளவுதான் ஒலியாகும், மீதி சூடாப் போயிடும். கரண்ட் கம்பி எட்டாத ஊரில் பேட்டரியில் ஓட்ட வேண்டிய காலத்தில் இந்தச் சிக்கனம் பெரிய விஷயம்.

ஆனா குழாய் பேஸைக் கைவிட்டது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அதைக் குழாய் வழியா ஒழுங்கா வெளியே விடணும்னா வாயின் சுற்றளவும் அந்த அளவு இருக்கணும். அதாவது ஏழடி அகல வாய்! தென்னை மரம் தாங்குமா? ஒன்றரை அடி வாயுள்ள நம்ம குழாயில் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒண்ணும் பெரிசா வராது.

வராட்டியும் யாரும் குறைபட்டுக்கலை. ஏன்னா பேச்சு புரிய பேஸ் தேவையில்லை. க, ச, த, ப எல்லாம் நம்ம காதுக்குப் பிரிஞ்சு தெரிவது அதுக்கு ரொம்ப மேலே இருக்கும் தொனிகளில். ஆம்பளைக் குரலின் அடித்தொனி 100, 150 ஹெர்ட்ஸில் இருக்கும்; பழைய தொலைபேசி 300-க்குக் கீழே எதையும் அனுப்பாது. ஆனாலும் போனில் பேசுறது மாமாவா அத்தையான்னு நமக்குத் தெரியும். மேல் தொனிகளை வெச்சு, வராத அடித்தொனியை மூளையே போட்டு நிரப்பிக்கும். இந்த விஷயம் கடைசியில் மறுபடி வரும்.

சென்னை வானொலி நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் வந்தன. பின்னால பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து ரேடியோப் பெட்டியும் குழாயும் வந்தன. பண்ணைச் செய்திகள் சாயங்காலத்துல அதில்தான் கேட்டது. 1960களில் தஞ்சைப் பக்கம் ஆடுதுறை 27 நெல்லை 'ரேடியோ நெல்'னே சனங்க கூப்பிட்டாங்க. ரேடியோவில் கேட்டுத் தெரிஞ்சு போட்ட நெல் என்பதால் அந்தப் பேர். பேஸே இல்லாத ஒலியை நம்பி ஒரு மாவட்டம் விதையை மாத்தியிருக்கு.

பெட்டியின் கதை தனி. 1925-ல் ஜெனரல் எலக்ட்ரிக்கைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இருவர் குழாயே இல்லாத காகிதக் கூம்பு ஸ்பீக்கரை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார்கள். இன்னைக்கு உங்க மேசையில் இருப்பதும் அதே அமைப்புத்தான். கூம்பு முன்னால தள்ளும்போது பின்னால இழுக்கும். பின்பக்க ஒலி சுத்தி வந்து முன்பக்க ஒலியை அழிச்சிடும். பேஸ்தான் முதல்ல சாகும். அதைத் தடுக்கத்தான் பலகையும் பெட்டியும்.

பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் தூராஸ் அந்தப் பின்பக்க ஒலியை வீணாக்காம, பெட்டியில் ஒரு ஓட்டை போட்டுப் பயன்படுத்திக்கிட்டார். 1932-ல் அதுக்குக் காப்புரிமை கிடைச்சது. காலி சோடா பாட்டில் வாயில் ஊதினா 'பூ'ன்னு ஒரு சத்தம் வருதில்லையா, அதே தத்துவம். 1935-ல் ஹாரி ஓல்சன் அந்த ஓட்டைக்குப் பதிலா காந்தமில்லாத ஒரு சும்மா சவ்வை வெச்சார். இன்னைக்குக் கைக்கடக்கமான ஸ்பீக்கரின் பக்கவாட்டில் ரப்பர் வட்டம் ஒண்ணு துடிக்கிறதே, அதுதான் இது.

பெட்டியை நிஜமாகவே சுருக்கியவர் எட்கர் வில்ச்சர், ஒரு ஆசிரியர். அதுவரை நல்ல பேஸ் வேணும்னா அலமாரி அளவுப் பெட்டி வேணும். இவர் பெட்டியைக் காத்துப் போகாம அடைச்சு, உள்ளே சிக்கின காத்தையே ஸ்பிரிங்கா வேலை வாங்கினார். தன் மாணவர் ஹென்றி க்ளாஸோடு சேர்ந்து 1954-ல் ஏ.ஆர்-1 என்ற பெட்டியைக் கொண்டுவந்தார். விதி சும்மா விடுமா? சின்னப் பெட்டியில் ஆழமான பேஸ் வந்தது. பதிலுக்கு அதிக வாட் கேட்டது. இந்தக் க்ளாஸ்தான் பிறகு ஹாஃப்மனோடு கே.எல்.ஹெச்.சில் இருந்த 'கே'.

பெட்டிக்கும் ஓட்டைக்கும் அளவு குத்துமதிப்பா இல்லாம கணக்காப் போடும் வழியை ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-ல் எழுதினார். சிட்னி பல்கலைக்கழகத்தில் இருந்த ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் அதை முழுசாக்கினார். இன்னைக்கும் ஸ்பீக்கர் பெட்டி செய்பவர்கள் இவங்க ரெண்டு பேர் பெயரில் உள்ள அளவுகளைத்தான் பார்க்கிறாங்க.

எங்க ஊர் மாரியம்மன் நோம்பிக்குக் குழாய் போய்ப் பெட்டி வந்தபோது நடந்தது வேறொரு பேரம். ஆளுயரப் பெட்டிகளை அடுக்கினாங்க. பேஸும் உண்டு, சத்தமும் உண்டு. கைவிட்டது சின்ன அளவை. அதைக் கொண்டு வர லாரி வேணும், ஓட்ட ஜெனரேட்டர் வேணும், கேக்க நெஞ்சு வேணும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-ல் மத்திய அரசு விதி போட்டது சும்மா இல்லை.

கம்ப்யூட்டர் முதல்ல ஊமை. 1981-ல் வந்த ஐ.பி.எம். கம்ப்யூட்டர் 'பீப்' என்று மட்டும் சொல்லும். 1989-ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் கம்பெனி சவுண்ட் பிளாஸ்டர் அட்டையைக் கொண்டுவந்த பிறகுதான் அதுக்கு வாய் வந்தது. அந்தக் கால டப்பா மானிட்டர் பக்கத்துல காந்தம் வந்தா படத்தில் நிறம் கலங்கிடும். அதனால மேசை ஸ்பீக்கரின் காந்தத்துக்குத் தடுப்புப் போட வேண்டியிருந்தது. அப்புறம் 2.1 வந்தது: மேசை மேல ரெண்டு குருவி, கீழே ஒரு எருமை. நம்ம பக்கம் 2011-ல் அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்ச பிறகு, லேப்டாப்பின் கொசுச் சத்தம் போதாம இப்படிப்பட்ட ஸ்பீக்கர்கள் கிராமத்து வீடுகளிலும் ஏறிச்சு.

இப்போ அந்த எருமையும் வேண்டாம்னு சொல்றோம். விதி மாறலை, கரண்ட்தான் மலிஞ்சு போச்சு. சூடாகாத சின்ன ஆம்ப்ளிஃபையர்கள் வந்துட்டதால, வீணாகும் வாட்டைப் பற்றிக் கவலைப்படாம ஒரு சாண் பெட்டியில் பேஸைத் தள்ள முடியுது. அதுக்கு மேல ஒரு உபாயமும் இருக்கு. பேஸ் கிதாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ். அது சின்னப் பெட்டியில் வராது. 82-ஐயும் 123-ஐயும் சரியாக் கொடுத்தா 41-ஐ மூளை தானே போட்டுக்கும். பஞ்சாயத்துக் குழாயைக் கேட்ட அதே மூளைதான்.

மேசை ஸ்பீக்கரில் சத்தத்தை விட்டுக்கொடுப்பது நஷ்டமான்னா, கிடையாது. குழாயை 300 மீட்டர் தள்ளி நின்னு கேட்டோம். மேசை ஸ்பீக்கர் 60 சென்டிமீட்டரில் இருக்கு. தூரம் 500 மடங்கு குறைவு. காதுக்கு அதே சத்தம் கிடைக்க, தூரக் கணக்கை மட்டும் பார்த்தா, இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு ஒலி போதும். குழாய் ஊருக்குப் பேசுச்சு, இது ஒரு ஆளுக்குப் பேசுது. அதனால எதை விடுறதுன்னு முடிவு பண்ணும் முன்னாடி, யாருக்காக, எவ்வளவு தூரத்துக்குன்னு கேட்டுக்கணும்.

கடைக்குப் போறப்போ நான் பார்ப்பது இதுதான். அட்டையில் பி.எம்.பி.ஓ. 1000 வாட்னு போட்டிருந்தா அதைக் கண்டுக்காதீங்க, ஆர்.எம்.எஸ். வாட்தான் கணக்கு. பழைய யூ.எஸ்.பி. துளை தருவது மொத்தமே இரண்டரை வாட். பேஸ் வேணும்னா தனி அடாப்டர் உள்ளதாப் பாருங்க. பெட்டியைத் தூக்கிப் பார்த்தா கொஞ்சம் கனக்கணும், தட்டினா தகரம் மாதிரி அதிரக் கூடாது. 60 ஹெர்ட்ஸ்னு எழுதியிருந்தா பக்கத்துல எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கம்னும் எழுதியிருக்கான்னு பாருங்க; இல்லாட்டி அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. வீட்டில் சுவரை ஒட்டி வெச்சா பேஸ் கூடும், மூலையில் வெச்சா இன்னும் கூடும். பின்னால ஓட்டை இருந்தா சுவரோடு அடைச்சு வெக்காதீங்க. அடுக்குமாடியில் இருந்தா பக்கத்து வீட்டையும் நினைச்சுக்கோங்க. சுவரைத் தாண்டிப் போறது பேஸ்தான்.

கடைசியா, கடைக்காரர் பேஸ் நிறைந்த பாட்டைப் போட்டுக் காட்டுவார். அதைக் கேட்டுட்டு, ஒரு ஆம்பளை செய்தி வாசிப்பதையும் போடச் சொல்லுங்க. மலிவான பெட்டிகளில் 100, 150 ஹெர்ட்ஸை ஊதிவிட்டு அதையே பேஸுன்னு விப்பாங்க. அது குரலின் அடித்தொனி இருக்கும் இடம்; அங்கே ஊதினா பேசுறவர் குடத்துக்குள்ள தலையை விட்டுப் பேசுற மாதிரி ஆகிடும். குழாயில் பேஸ் இல்லை, ஆனா விதைநெல்லின் பேரைத் தப்பில்லாம கேட்டோம். அந்தத் தெளிவை அழிக்கிற பேஸ் மேசையில் இருந்து பிரயோஜனம் இல்லை.