மார்வார் வறண்ட நிலமும் வன்னி மரமும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சிலப்பதிகார வஞ்சினமாலையில் கண்ணகி எடுத்துரைக்கும் புகார்ப் பத்தினியருள் ஒருத்திக்குச் சான்றாய் நின்றது வன்னி மரம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணமும் வன்னி சான்றாக வந்த செய்தியைத் தனிப் படலமாகப் பாடுகிறது. தமிழ் மரபில் சான்று கூறும் இம்மரம், மேற்கு இராஜஸ்தானில் கேஜ்ரி என்னும் பெயருடன் விளைநிலத்தின் காவலாக நிற்கிறது. மார்வார்ப் பகுதியில் நலிந்த நிலம் வளம்பெற்றது புதுமரம் நட்டதால் அன்று, தானே முளைத்த மரத்தைக் காத்ததாலேயே என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வயலும் மரமும்

இப்பகுதியில் ஆண்டு மழை பெரும்பாலும் 100 முதல் 450 மி.மீ. வரையே பெய்யும். மணற்பாங்கான வயல்களில் கம்பு, நரிப்பயறு, கொத்தவரை ஆகியன விளைகின்றன. அவற்றினிடையே வன்னி நிற்கிறது. ஆழ இறங்கும் அதன் ஆணிவேர், பயிர் வேர் எட்டாத நீரை நாடுகிறது. அவரைக் குடும்பத்தைச் சார்ந்ததாதலின் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கிறது. சிற்றிலைகளால் ஆன தழை பயிருக்கு வெயிலை மறைப்பதில்லை. குளிர்காலத்தில் கழிக்கப்படும் தழை ‘லூங்’ எனப்படும் தீவனமாகிறது. இளங்காய் ‘சாங்கிரி’ எனும் கறியாகிறது.

உழவர் இதனை விதைத்து வளர்ப்பது அரிது. உழும்போது எதிர்ப்படும் கன்றை மரக்கலப்பை விலகிச் செல்லும். விடப்பட்ட கன்று பல ஆண்டுகளில் மரமாகும். இவ்வாறு விட்டுவைத்தலே இவ்வேளாண்மையின் அடிப்படை நுட்பம் எனலாம்.

1730: கேஜர்லி

ஜாம்போஜி 1485இல் நிறுவிய பிஷ்னோய் நெறியின் 29 விதிகளுள் பசுமரம் வெட்டாமையும் ஒன்று. 1730இல் ஜோத்பூர் மன்னர் அபய் சிங்கின் அரண்மனைப் பணிக்குச் சுண்ணாம்பு சுட விறகு தேடி வந்தோர் கேஜர்லி ஊரில் வன்னி மரங்களை வெட்ட முற்பட்டனர். அமிர்தா தேவி மரத்தைத் தழுவி நின்று உயிர்நீத்தார். அவரைத் தொடர்ந்து மொத்தம் 363 பேர் உயிரிழந்தனர் என மரபுவழிச் செய்தி கூறுகிறது.

இந்நிகழ்ச்சி சமயப் பற்றாகவே பெரிதும் பேசப்படுகிறது. அதன் வாழ்வியல் அடிப்படையும் கருதத்தக்கது. மழை பொய்த்த ஆண்டில் கால்நடைக்கு எஞ்சும் தீவனம் வன்னித் தழையே. 1868-69ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் இராஜபுதன மக்கள் வன்னிப் பட்டையை உண்டு உயிர் காத்தனர். மரத்தை இழத்தல் வாழ்வை இழத்தலாகவே அம்மக்களுக்கு இருந்தது.

1940: அயல்மரம்

அதே ஜோத்பூர் அரசு 1940இல் சீமைக்கருவேலை ‘அரச மர’மாக அறிவித்து அதனைக் காக்குமாறு மக்களைப் பணித்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1877ஆம் ஆண்டளவில் இந்தியாவிற்கு வந்த இம்மரம் மணல்மேடுகளை நிலைநிறுத்தியது, விறகும் தந்தது. ஆயின் மேய்ச்சல் நிலத்திலும் வயலிலும் பரவிப் பிற செடிகளை ஒடுக்கியது. கால்நடை அதன் காயைத் தின்று விதையைப் பரப்புமேயன்றித் தழையை உண்பதில்லை. மணலை நிறுத்துதல் வேறு, விளைநிலத்தை மீட்டல் வேறு என்பது இதனால் பெறப்படும்.

ஆய்வும் கொள்கையும்

ஜோத்பூரில் 1952இல் தொடங்கப்பெற்ற பாலைவனக் காடு வளர்ப்பு நிலையம் 1959இல் மத்திய வறண்ட மண்டல ஆய்வு நிறுவனமாயிற்று. வன்னியின் அடிமண்ணில் கரிமப்பொருளும் ஊட்டச்சத்தும் திறந்த வயலைவிட மிகுதி என்பதை அங்கு நிகழ்ந்த ஆய்வுகள் புலப்படுத்தின. 1983இல் இராஜஸ்தான் இதனை மாநில மரமாக ஏற்றது. 1988இல் ஜான்சியில் வேளாண் காடுகளுக்கெனத் தேசிய ஆய்வு மையம் அமைந்தது. 2014இல் தேசிய வேளாண் காடுகள் கொள்கை வெளியாயிற்று. உழவர் நெடுங்காலம் கைக்கொண்டிருந்த நெறி இவ்வாறு காலந்தாழ்த்தே ஏற்பைப் பெற்றது.

முடிவுரை

இன்று டிராக்டர் உழவில் வன்னிக் கன்றுகள் வேரோடு அழிகின்றன. மிகையாகத் தழை கழித்தலும் வேரழுகல் நோயும் முதிர்ந்த மரங்களை நலிவிக்கின்றன. சூரிய மின் திட்டங்களுக்காக மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து அண்மை ஆண்டுகளில் மக்கள் போராடி வருகின்றனர். முதிர்ந்த மரம் வீழ இளங்கன்றும் எஞ்சாதாயின் வயலில் வன்னி தொடர வழியில்லை. ஆதலின் வறண்ட நில மீட்பை நடப்பட்ட கன்றுகளின் எண்ணிக்கையால் மட்டும் அளவிடுதல் பொருந்தாது. உழுசாலில் விட்டுவைக்கப்பட்ட கன்றுகளையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும் என்பதே மார்வார் வரலாறு உணர்த்தும் முடிபாகும்.