எல்லையூரில் தாய்மொழிக் கல்வி: அத்திபெலேயை முன்வைத்து ஒரு சட்ட வரலாற்று நோக்கு

முன்னுரை

பெங்களூரு நகர மாவட்டம், ஆனேக்கல் வட்டத்தில், ஓசூர் நெடுஞ்சாலையில் கருநாடகத்தின் எல்லையாக அமைந்த ஊர் அத்திபெலே. கன்னடம், தெலுங்கு, தமிழ் பேசுவோர் கலந்து வாழும் பகுதி இது. மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையிலிருந்த எல்லை, 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பிற்குப் பின்னும் இங்கு மாறாது நின்றது. இத்தகைய எல்லைப்பகுதி அரசுப் பள்ளிகளில் சிறுபான்மைத் தாய்மொழிக்கு நடுவண் சட்டம் அளித்த காப்பு எத்தகையது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

எண்ணால் அமைந்த காப்பு

1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு, சிறுபான்மை மொழி பேசும் மாணவர் வகுப்பில் 10 பேரோ பள்ளி முழுவதிலும் 40 பேரோ இருப்பின், அம்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரேனும் அமர்த்தப்பட வேண்டும் என வரையறுத்தது. 1956இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ உறுப்பு, தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறப் போதிய வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணித்தது. ‘போதிய வசதி’ எவ்வளவு என்பதை அவ்வுறுப்பு கூறவில்லை; 1949ஆம் ஆண்டின் எண்களே அதனை உணர்த்தின. எனினும் அவை நிருவாக உடன்பாடேயன்றிச் சட்டமல்ல.

2009ஆம் ஆண்டுச் சட்டம்

1976இல் 42ஆம் திருத்தம் கல்வியைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. 2010 ஏப்ரல் 1இல் குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 நடைமுறைக்கு வந்தது. தொடக்க வகுப்புகளில் 60 மாணவர் வரை 2 ஆசிரியர், 5ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் என அதன் அட்டவணை எண்ணிட்டு வரையறுக்கிறது. பயிற்றுமொழி பற்றியோ, ‘இயன்றவரை’ தாய்மொழியாக இருத்தல் வேண்டும் என்று மட்டுமே 29ஆம் பிரிவு கூறுகிறது.

எடுத்துக்காட்டாக, 60 மாணவர் பயிலும் கன்னடத் தொடக்கப் பள்ளியொன்றில் முதல் வகுப்பில் தமிழ்க் குழந்தைகள் 10 பேர் உளர் என்க. 1949ஆம் ஆண்டின் வரையறைப்படி தமிழ் கற்பிக்க ஓர் ஆசிரியர் வேண்டும். 2009ஆம் ஆண்டின் அட்டவணைப்படியோ, தமிழறியாத இருவர் இருப்பினும் ஆசிரியர் எண்ணிக்கை நிறைவுற்றதாகும்.

தாய்மொழி எது என்பதைப் பெற்றோரே முடிவு செய்வர் என்றும், தொடக்கக் கல்வியில் தாய்மொழிவழியை அரசு கட்டாயமாக்க இயலாது என்றும் கருநாடக வழக்கொன்றில் 2014 மே 6இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெரிவு பெற்றோருடையதே, ஆயின் தெரிந்தெடுக்கத் தமிழ் வகுப்பொன்று இருந்தாலன்றோ அத்தெரிவு பயன்படும்?

எல்லைக்கு அப்பால் ஓசூர்ப் பகுதியின் கன்னட, தெலுங்குக் குழந்தைகளுக்கும் இவ்வினா பொருந்துவதே. தமிழ்நாடு 2006இலும் கருநாடகம் 2015இலும் தத்தம் மாநில மொழிப் பாடத்தைச் சட்டத்தால் கட்டாயமாக்கின. பெரும்பான்மையோர் மொழிக்குக் ‘கட்டாயம்’ என்றும் சிறுபான்மையோர் மொழிக்கு ‘இயன்றவரை’ என்றும் சட்டங்கள் பேசுவது நோக்கத்தக்கது.

நிறைவுரை

நடுவண் சட்டம் குழந்தைக்குப் பள்ளியை உரிமையாக்கியது; பள்ளியில் அதன் மொழியை உரிமையாக்கவில்லை. அட்டவணையை அறிவிக்கை வழியே திருத்தும் அதிகாரத்தை 20ஆம் பிரிவு நடுவணரசுக்கு அளித்துள்ளது. ஆதலின், 1949ஆம் ஆண்டின் எண்களை அட்டவணையில் சேர்ப்பதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. எண்ணப்படும் உரிமையே கேட்டுப் பெறத்தக்கது என்பது இவ்வரலாற்றால் பெறப்படும் முடிவாகும்.