படைவீரரும் பாலைத்துறவியும்: சார்லஸ் தெ ஃபுக்கோவின் வாழ்வில் ஒரு தொடர்ச்சி

சார்லஸ் தெ ஃபுக்கோவின் (1858–1916) வாழ்க்கை பெரும்பாலும் இரு துண்டுகளாகவே சொல்லப்பட்டு வருகிறது. முன்னதில் ஊதாரியான பிரெஞ்சுப் படை அதிகாரி. பின்னதில் சகாராவின் துறவி. இடையில், 1886 அக்டோபரில் பாரீசின் புனித அகுஸ்தீன் ஆலயத்தில் உய்வெலின் என்னும் குருவிடம் அவர் செய்த பாவசங்கீர்த்தனம். புனிதர் வரலாறு எழுதும் மரபுக்கு இப்பகுப்பு வசதியானது. ஆனால் அவருடைய பிற்காலப் பணிகளையும் மரணத்தையும் விளங்கிக்கொள்ள அதுவே தடையாகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஸ்ட்ராஸ்பூர்க்கில் பிறந்து, ஆறு வயதிற்குள் பெற்றோர் இருவரையும் இழந்த அவரை வளர்த்தவர் ஓய்வுபெற்ற படைத்தலைவரான பாட்டனார். சோமூர் குதிரைப்படைப் பள்ளியில் 87 பேருள் 87ஆம் இடம். 1881இல் ஒரு பெண்ணுடனான உறவால் அல்ஜீரியப் படைப்பணியிலிருந்து விலக்கப்பட்டவர், பு அமாமாவின் கிளர்ச்சிச் செய்தி கேட்டதும் தாமாகவே படைக்குத் திரும்பினார். மறு ஆண்டே பணியைத் துறந்தார். 1883–84இல் யூதராக வேடமிட்டு, மர்தொஷே என்னும் யூத குருவின் துணையுடன் மொராக்கோ முழுதும் சுற்றினார். கண்டதை உள்ளங்கையில் மறைத்த சிறு தாளில் குறித்துக்கொண்டார். இந்த அளவைப் பயணம் அவருக்குப் புவியியல் கழகத்தின் தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தது.

டிராப்பிஸ்ட் மடம் (1890), சிரியாவின் அக்பெஸ், நாசரேத்து, குருப்பட்டம் (1901) ஆகிய படிகளைக் கடந்து அவர் மீண்டும் அல்ஜீரியாவுக்கே வந்தார். 1905 முதல் தாமன்ராசெத்தில் துவாரெக் மக்களிடையே வாழ்ந்தார். அங்கு அவருடைய நாள்களில் பெரும்பகுதியைத் தின்றது மொழிப்பணி. சொல்லையும் செய்யுளையும் இடைவிடாது திரட்டியதில் மொராக்கோவின் குறிப்பேட்டுக்காரரே தெரிகிறார். அவர் தொகுத்த துவாரெக்–பிரெஞ்சு அகராதி 1951–52இல் நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. (மதம் மாறியோர் மிகச் சிலரே, அகராதியோ இன்றும் பயன்படுகிறது.)

1908 தொடக்கத்தில் பஞ்சமும் நோயும் அவரைச் சாவின் விளிம்பில் தள்ளியபோது, வறட்சியிலும் ஆட்டுப்பால் தேடிக் கொணர்ந்து பிழைக்க வைத்தவர்கள் துவாரெக்குகளே. கொடுக்க வந்தவர் பெறுபவரானார். இதைச் சிறு நிகழ்ச்சியாகக் கடந்துவிடுதல் தவறு.

மறுபுறம், பாலைநிலப் படைகளின் தளபதி லாப்பெரின் அவருடைய பழைய தோழர். ஹொகார் பகுதியை அவர் முதலில் சுற்றிப் பார்த்ததும் படையினர் துணையோடுதான். அடிமை முறையைப் பொறுத்துக்கொண்ட பிரெஞ்சு நிர்வாகத்தைக் கடுமையாகக் கண்டித்தவர், ஆட்சியின் உரிமையை ஐயுறவில்லை. 1916இல் அவர் கட்டிய சிறு கோட்டையில் ஆயுதங்களும் இருந்தன. ஏழைகளின் புகலிடமாக அதைக் கருதினார். எதிர்ப்பாளரின் கண்ணுக்கு அது பிரெஞ்சு அரண். டிசம்பர் 1 அன்று கோட்டை தாக்கப்பட்டது. கட்டி வைக்கப்பட்டிருந்த அவரை, பிரெஞ்சுப் படையினர் வரக் கண்டு பதறிய இளம் காவலன் சுட்டான்.

2022 மே 15 அன்று உரோமையில், திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராயிருந்து 1752இல் காற்றாடிமலையில் சுடப்பட்ட தேவசகாயம் பிள்ளையுடன் ஒரே திருப்பலியில் ஃபுக்கோவும் புனிதராக அறிவிக்கப்பட்டார். தேவசகாயத்தைக் கொன்றது அவர் பணிபுரிந்த அரசு. ஃபுக்கோவோ, தாம் விட்டு விலகிய அரசின் பெயரால் கொல்லப்பட்டார்.