இயக்க நரம்பணு நோய்: மூளைப் படமெடுப்பு

இயக்க நரம்பணு நோயில் மூளையின் இயக்கப் புறணியும் அங்கிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதையும் எந்த அளவு சிதைந்துள்ளன என்பதை எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன் ஆகியவற்றால் அளந்து, நோயின் போக்கைப் பின்தொடரும் முறை.

நோயறிதலின்போது எம்.ஆர்.ஐ. எடுப்பது, கழுத்துத் தண்டுவட அழுத்தம் போன்ற சிகிச்சையுள்ள கோளாறுகள் இல்லை என்று உறுதிசெய்யவே. போக்கை அளக்க நுட்பமான முறைகள் உள்ளன. நரம்பிழைகளின் நெடுக்கே நீர் மூலக்கூறுகள் பரவும் ஒழுங்கை டிஃப்யூஷன் டென்சர் முறை அளக்கிறது. இழைகள் சிதையச் சிதைய அவ்வொழுங்கு குறையும். இரும்புச் சேர்வை உணரும் படங்களில் சிலருக்கு இயக்கப் புறணி கரும்பட்டையாகத் தெரியும். பெட் ஸ்கேன் அப்பகுதியில் குளுக்கோஸ் பயன்பாடு குறைவதைக் காட்டும்.

தண்டுவடத்திலுள்ள கீழ்நிலை நரம்பணுக்களின் இழப்பு மூளைப் படத்தில் சிக்காது, இது பெருங்குறை. இவ்விழப்பால் அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறையில் சுத்தியல் பிடிப்பவருக்கோ, திருப்பூர் பனியன் கம்பெனியில் துணி தைப்பவருக்கோ கட்டைவிரல் பிடி தளர்ந்து, அதனடிச் சதை வற்றுவது முதல் அறிகுறியாகலாம். அந்த நரம்பணு இழப்பை அறிய, தசையின் மின்னியக்கத்தைப் பதியும் இ.எம்.ஜி. பரிசோதனையே வேண்டும்.

1970இல், சி.டி. ஸ்கேன்கூட வராத காலத்தில், மீனாட்சிசுந்தரம், ஜெகநாதன், ராமமூர்த்தி ஆகியோர் சென்னையிலிருந்து இந்நோயின் ‘மதராஸ் வகை’யை விவரித்தனர். இளவயதில் தொடங்கும் இது முகத் தசைகளையும், பலருக்குச் செவித்திறனையும் பாதித்து மெதுவாக முற்றும். இத்தகைய மெதுவான மாற்றத்தைப் படத்தில் காண நீண்ட இடைவெளி தேவை.

நோயாளிக் குழுக்களின் சராசரியில் தெளிவாகத் தெரியும் மாற்றத்தை ஒரே நோயாளியிடம் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. ஆகவே மருத்துவமனைகளில் 48 மதிப்பெண் கொண்ட செயல்திறன் அளவுகோலே இன்றும் முதன்மையாகப் பயன்படுகிறது.