கொக்கல விமானத்தளம்: வாவி, வான், நிலம்

காலியிலிருந்து மாத்தறை நோக்கிச் செல்லும் கரையோர வீதியில் கொக்கலயை அடைந்ததும் நிலம் ஒடுங்கிவிடுகிறது. ஒருபுறம் இந்து சமுத்திரம். மறுபுறம் கொக்கல வாவி. இடையிலுள்ள துண்டு நிலத்தில் வீதியும் புகையிரதப் பாதையும் ஓடுபாதையும் நெருங்கிக் கிடக்கின்றன. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய வான்படை இவ்விடத்தைத் தேர்ந்தமைக்கு ஓடுபாதை காரணமன்று, வாவியே காரணம்.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதுவரை பின்தளமாயிருந்த இலங்கை ஒரே நாளில் போர்முனையாயிற்று. நெடுங்கடலைக் கண்காணிக்கக் 'கட்டலினா' எனும் பறக்கும் படகுகள் தேவைப்பட்டன. ஏறத்தாழ 32 மீற்றர் இறக்கை அகலம் கொண்ட இவ்விமானத்தின் அடிப்பகுதி படகின் வடிவில் அமைந்தது, சில்லுகள் கிடையா. அலையடிக்கும் கரையில் இது இறங்க முடியாது. நீண்ட, அமைதியான நீர்ப்பரப்பே இதன் ஓடுபாதை. மிதவைகளில் கட்டிய விமானங்களுக்கு ஆட்களும் எரிபொருளும் குண்டுகளும் படகிலேயே போயின. பழுதுபார்க்க வேண்டுமெனில், பணியாளர் நீரில் இறங்கித் தற்காலிகச் சில்லுகளைப் பூட்டி, சரிவுத்தளத்தின் வழியே விமானத்தை இழுத்துக் கரையேற்றுவர்.

கனேடிய வான்படையின் 413ஆவது ஸ்குவாட்ரனைச் சேர்ந்த லெனாட் பேர்ச்சல் கொக்கலயில் வந்திறங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. 1942 ஏப்ரல் 4 விடியுமுன் ரோந்துக்குப் புறப்பட்ட அவர், மாலையில் திரும்பும் தறுவாயில் தென்திசை அடிவானில் சில புள்ளிகளைக் கண்டார். நெருங்கிப் பார்த்தபோது அது ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பற்படை. செய்தியை மும்முறை அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்றாம் முறை அனுப்பிக்கொண்டிருந்தபோது ஜப்பானியப் போர்விமானங்களின் தாக்குதலில் வானொலிக் கருவி சிதறியது. விமானம் கடலில் வீழ்ந்தது. ஒன்பது பேரில் மூவர் மாண்டனர். எஞ்சிய அறுவரும் போர்க்கைதிகளாயினர்.

'இலங்கையின் மீட்பர்' என்று பின்னர் பேர்ச்சல் போற்றப்பட்டார். அவர் அனுப்பிய எச்சரிக்கையால் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் வெளியேறித் தப்பின. எனினும், மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலையில் எதிரி விமானங்கள் வந்தபோது இரத்மலானை விமானத்தளத்தின் போர்விமானங்கள் இன்னும் தரையிலேயே நின்றன. எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்தது. அதைப் பயன்படுத்திய விதத்தில்தான் குறை.

கொக்கலயின் இரண்டாவது அத்தியாயம் தபால் சேவை பற்றியது. சிங்கப்பூரின் வீழ்ச்சியோடு அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்குமிடையே இருந்த வான்வழி அறுந்தது. அதை மீண்டும் இணைக்க, 1943இன் நடுப்பகுதியில் குவாண்டாஸ் நிறுவனம் பேர்த் நகருக்கும் கொக்கலவுக்குமிடையே ஐந்து கட்டலினாக்களைக் கொண்டு சேவையைத் தொடங்கியது. ஏறத்தாழ 5,600 கிலோமீற்றர். நடுவில் எங்கும் தரிப்பதில்லை. எதிரி ஒட்டுக்கேட்கக்கூடும் என்பதால் வானொலி மௌனம் காக்கப்பட்டது; விண்மீன்களே வழிகாட்டின. சுமையில் பெரும்பங்கு எரிபொருளானதால் மூன்று பயணிகளுக்கும் சிறிது தபாலுக்குமே இடமிருந்தது. பயணம் 27 முதல் 32 மணி நேரம் வரை நீண்டது. ஒரே பயணத்தில் சூரியன் இருமுறை உதிப்பதைக் கண்ட பயணிகளுக்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்ற பெயரில் சான்றிதழ் வழங்கப்பட்டது. 1945 வரை 271 பயணங்கள் நிறைவேறின. போர் முடிந்ததும், அமெரிக்கக் கடன்-குத்தகை ஏற்பாட்டின்படி பெறப்பட்ட அந்த ஐந்து விமானங்களும் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.

மூன்றாவது அத்தியாயம் ஊரவருடையது. தளம் அமைப்பதற்காகக் கிராமத்தவர் 24 மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. நவீன சிங்கள இலக்கியத்தின் முன்னோடி மார்ட்டின் விக்கிரமசிங்க 1890இல் பிறந்த வீடு மட்டும் இடிபடாது எஞ்சியது. அவருடைய 'கம்பெரலிய' நாவல் வெளிவந்த ஆண்டு 1944. தென்னிலங்கைக் கிராமமொன்றின் பழைய வாழ்வு குலைவதைச் சொல்லும் அந்நாவல் அச்சேறிய வேளையில், ஆசிரியரின் சொந்தக் கிராமம் வான்படையின் வசமிருந்தது. நாவல் பேசுவது வணிகமும் புதிய வர்க்கமும் மெல்ல மெல்லக் கொணர்ந்த மாற்றத்தை. கொக்கலயிலோ ஓர் அரசாணை அதை ஒரே நாளில் செய்து முடித்தது.

இம்மூன்று அத்தியாயங்களும் இதுவரை வெவ்வேறு ஏடுகளில் கிடக்கின்றன. பேர்ச்சலைக் கனடாவும் இரட்டைச் சூரியோதயத்தை அவுஸ்திரேலிய விமான வரலாறும் போற்றுகின்றன. கிராமத்தின் கதையை விக்கிரமசிங்கவின் வீட்டையொட்டி அமைந்த நாட்டார் அருங்காட்சியகம் காத்து நிற்கிறது. கொக்கலயின் முழு வரலாற்றை எழுதுபவர் இவற்றை ஒன்றுசேர்த்தே வாசிக்க வேண்டும்.

அவ்வாறு வாசிப்பவருக்கு ஓர் உண்மை புலப்படும். ரோந்து விமானங்கள் இங்கு இயங்கியது சில ஆண்டுகளே. தபால் சேவை நடந்தது இரண்டே ஆண்டுகள். ஓடுபாதையோ இன்று இலங்கை விமானப்படையின் வசம். அதையொட்டி 1991இல் ஏற்றுமதிப் பதனிடல் வலயம் எழுந்தது. போர்த்தளமாயிருந்த இடத்தின் அயலில் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. போரின் அவசரத்துக்கென எடுக்கப்பட்ட நிலம் போர் முடிந்தபின் பழைய கிராமமாகத் திரும்பவில்லை. அடுத்தடுத்த தேவைகள் அதை ஏற்றுக்கொண்டன. விமானத்தள வரலாறுகளைப் பறப்புப் பதிவேடுகளோடு நிறுத்திக்கொள்ளாமல், காணி உறுதிகளையும் இடம்பெயர்ந்தோரின் வாய்மொழிகளையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பதற்குக் கொக்கலயே தக்க சான்று.