இலக்கணம் யார் பக்கம்?

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலைச் சூழ்ந்த அக்கிரகாரத் தெருக்களில் 'வந்துண்டு' என்ற பேச்சு நெடுங்காலம் ஒலித்தது. கடற்கரை நோக்கிச் சிறிது தூரம் நடந்தால், அயோத்தியா குப்பத்து மீனவர் 'வந்துகினு' என்பர். இரண்டும் 'வந்துகொண்டு' என்ற ஒரே சொல்லின் தேய்வுகள். இலக்கணத் தராசிலே இரண்டுக்கும் எடை ஒன்றே. ஆயினும் முன்னது கதையிலும் நாடகத்திலும் கனிவோடு வரவேற்கப்பட்டது. பின்னது 'கொச்சை' எனத் திரைப்படத்தில் சிரிப்பு மூட்டும் சரக்காயிற்று. குற்றம் சொல்லிலா, சொல்பவன் பிறந்த தெருவிலா?

வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்கிறது தொல்காப்பிய மரபியல். அறிவால் உயர்ந்தோர் என்றே கொள்வோம். கல்வி சிலருக்கே உடைமையாயிருந்த நாட்டில் அந்தப் பட்டம் யாரைத் தேடிப் போயிருக்கும்?

அதே நூலின் கிளவியாக்கம் இன்னொன்றும் கூறுகிறது. ஒருவரைப் பன்மையாற் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல்லே, இலக்கண நெறியன்று! அப்படியானால் 'பண்ணையார் வந்தார்' என்பதே நெறி பிறழ்ந்தது. 'பண்ணையாள் வந்தான்' என்பதே நெறிப்பட்டது. மேலோருக்காக விதி வளைந்தது. வளைந்ததே மரியாதை எனப் பெயர் பெற்றது. மீனவன் வாயில் ஒரு சொல் வளைந்தால் மட்டும் மொழி கெட்டுவிடுமா?

ஆங்கிலத்திலும் இதே கதைதான். ஒருவரையே 'யூ' என்று பன்மையால் அழைத்தது மேலோருக்குக் காட்டிய மதிப்பு. அது பொது விதியாயிற்று. பதினான்காம் நூற்றாண்டில் கவிஞர் சாசர் எழுதிய இரட்டை எதிர்மறையோ, பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கணக்காரரால் பிழையாக்கப்பட்டது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் அதைப் பேசினால், அறியாமை என்ற முத்திரை! 1979-இல் ஆன் ஆர்பர் நகர வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் குறுக்கிட்டது. கறுப்பினக் குழந்தைகளின் வீட்டு மொழியை ஆசிரியர்கள் அறிந்துகொண்டு, அந்த அறிவோடு பொது ஆங்கிலத்தைப் படிக்கக் கற்பிக்க வேண்டும் என்று ஆணையிட்டது.

இலக்கணத்தைக் கொளுத்திவிடலாமா? கூடாது, தோழர்களே! குமரியிலும் சென்னையிலும் ஈழத்திலும் வாழும் தமிழனை இணைப்பது பொது எழுத்துத்தமிழ். குப்பத்துச் சிறுவனுக்கும் அது உரிமைச் சொத்து. அவன் அதைப் பெற்றே தீரவேண்டும். ஆனால், வாய் திறந்ததும் வகுப்பே சிரித்தால் அவன் மறுநாள் வாய் திறப்பானா? தாய் தந்த பேச்சை இழிவென்று கற்பிக்காமலே அவனுக்கு எழுத்துத்தமிழைக் கற்பிக்கலாம். இலக்கணம் சொல்லை அளக்கட்டும். மனிதனை அளக்க அதற்கு உரிமை இல்லை.