மருந்து கெட்டிக்கும் நேரம்

சுட்டுப்போன தோட்டாக்களில் வீட்டிலேயே மறுபடி மருந்து நிரப்பும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. அது மனசுக்கு இளைப்பாறலா, வெறும் சள்ளையா என்று அங்கே வாதிக்கிறார்கள். எனக்கோ ஒத்தக்கடையை அடுத்த திருமோகூர்தான் நினைவுக்கு வருகிறது.

1755-இல் கும்பெனிக் கர்னல் ஹெரான் கோவில்குடிக் கோயிலைச் சூறையாடி, விக்கிரகங்களை வாரிக்கொண்டு போனார். அது திருமோகூர்க் கோயில்தான் என்பது மதுரைச் சரித்திரம் எழுதினவர்கள் கூற்று. மே மாதம், திரும்புகிற படையை நத்தம் கணவாயில் கள்ளர்கள் வழிமறித்தார்கள்.

சிப்பாயின் பாட்டை யோசித்துப் பாருங்கள். காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடிக்க வேண்டும். தேர்ந்தவனுக்கே நிமிஷத்துக்கு இரண்டு மூன்று வேட்டுதான். எதிரே 18 அடி ஈட்டிகள். ஈட்டிக்கு மருந்து கெட்டிக்க வேண்டியதில்லை! குறுகலான அந்தக் காட்டுப் பாதையில் "சாமி, சாமி" என்று கத்திக்கொண்டு பாய்ந்தவர்கள் விக்கிரகங்களை மீட்டுக்கொண்டார்கள்.

மேஜைமுன் உட்கார்ந்து நிதானமாக மருந்து நிறுப்பவர் அதை இளைப்பாறல் என்றால் நான் மறுக்கவில்லை. அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை. நத்தத்தில் கோலும் கையுமாக நின்ற சிப்பாய்க்கு, அது சுகமா சள்ளையா என்று யோசிக்க அரை நிமிஷம்கூடக் கிடைத்திராது.